கடல் கடவாத அறம்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பாதை தும்பறையைக் கடந்து ஹுன்னஸ்கிரிய மலைகளில் ஏறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பிரதேசமெங்கும் கோப்பி விளைந்தது. அதைப் பருகியோரின் அறம் எத்தகையது என்பதே நம்முன் உள்ள வினா.

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில மத்தியதர வர்க்கம் தன்னை ஒழுக்கத்தின் உறைவிடமாகக் கருதிற்று. உழைப்பு, சிக்கனம், தன்முயற்சி ஆகியன அதன் வேதவாக்குகள். 1859இல் வெளிவந்த சாமுவேல் ஸ்மைல்ஸின் ‘சுய உதவி’ அவற்றையே போதித்தது. மதுவை வெறுத்தோர் கோப்பியை நல்லோரின் பானமெனப் போற்றினர். அடிமை முறையை 1833இல் சட்டத்தால் ஒழித்ததும் அவர்களது பெருமை. இவையனைத்தையும் பாசாங்கென்று தள்ளிவிடுதல் முறையன்று. அடிமைகளுக்காகக் குரல் கொடுத்தோரில் பலர் மெய்யாகவே மனம் நொந்தவர்கள்.

எனின், அம்மனச்சாட்சி எங்கே நின்றுவிட்டது? ஜமைக்காவின் அடிமைத் தோட்டங்களில் உருவான கோப்பிச் செய்கை முறையை, 1837இல் இலங்கைக்கு வந்த ஆர். பி. டைட்லர் தும்பறையில் புகுத்தினார். அடிமை என்ற சொல் போய், கூலி என்ற சொல் வந்தது. தமிழகக் கிராமங்களில் வறுமைக்கும் சாதிக்கொடுமைக்கும் ஆளானோர் மன்னாரில் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் பலர் வழியிலேயே மடிந்தனர். வந்துசேர்ந்தோரைக் கங்காணியின் கடன் பிணித்தது. அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கியவனை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறைக்கு அனுப்பிற்று. இங்கிலாந்துத் தொழிலாளிக்கு இத்தகைய தண்டனை 1875இல் நீங்கியது. இங்கோ அதன் பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது.

ஸ்மைல்ஸ் போதித்த உழைப்பும் சிக்கனமும் இத்தொழிலாளியிடம் இல்லாதிருந்தனவா? விலகிச்செல்லும் உரிமையே இல்லாதவனுக்குத் தன்முயற்சி என்பதன் பொருள்தான் என்ன? சுவைத்த நாவுக்கும் பறித்த கைக்குமிடையே கடல் கிடந்தது. அக்கையைக் காணாதவரை நாவுக்கு உறுத்தல் இல்லை; முதலாளிக்கு இலாபம் உண்டு. ஓர் அறத்தை அளந்தறிய அதன் போதனைகள் மட்டும் போதா. அது யாரைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. பின்னர் அந்நிய ஆட்சியும் அகன்றது. ஆயினும், சுதந்திரம் பெற்ற அதே 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அவ்வுரிமையை மீளப்பெறப் பல பத்தாண்டுகள் சென்றன. லயன் அறைகளோ இன்றும் நிற்கின்றன.

விக்டோரியா காலத்தாரை நகைத்தல் நமக்கு எளிது. எனினும், அவர்கள் கடலைச் சாக்காகக் காட்டியிருக்கலாம். வகுப்பறையில் நீதி போதிக்கும் நமக்கும் கொழுந்து பறிப்போருக்குமிடையே சில மலைவளைவுகளே உள்ளன. அத்தூரத்தையும் கடவாத அறத்தை நாம் எவ்வாறு அறமென்று கற்பிப்பது?