ஆலகாலமும் ஆற்றுத் தண்ணீரும்



பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போகிறோம். நந்திக்கு அபிஷேகம் பார்த்து, சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். சிவபெருமான் ஆலகால விஷத்தை உண்டு உலகைக் காத்த வேளை அது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கதையின் முன்பாதியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். விஷம் வானத்திலிருந்து விழவில்லை. அமுதம் வேண்டுமென்று மந்தர மலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கி, தேவரும் அசுரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வலி தாங்காமல் பாம்பு கக்கியது. அமுதம் வருவதற்கு முன்பே விஷம் வந்துவிட்டது. கடைந்தவர்கள் ஓடினார்கள்.

பொறியியல் மாணவனான எனக்கு இது பழங்கதையாக மட்டும் தெரியவில்லை. நிலத்திலிருந்தோ, செம்பனைப் பழத்திலிருந்தோ, பழைய டயரிலிருந்தோ, எதிலிருந்து எரிபொருளை எடுத்தாலும் கூடவே கழிவு வரும். அதை யார் கையில் ஏந்துவது என்பதுதான் கேள்வி.

2019 மார்ச் மாதம் ஜொகூர், பாசிர் கூடாங்கில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் தொழிலோடு சம்பந்தப்பட்ட கழிவு என்று அப்போது செய்திகள் வந்தன. மார்ச் 7ஆம் தேதி, ஆற்றுக்கு அருகில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. கொட்டியவனுக்கு மிச்சமானது கழிவை முறையாக அகற்றும் செலவு. அந்த விஷம் போய்ச் சேர்ந்ததோ ஆரம்பப்பள்ளிப் பிள்ளையின் நெஞ்சில்.

"சரிப்பா, இதுக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம்? அது அரசாங்கம் பாத்துக்க வேண்டிய வேலை." ஆற்றுக் கண்காணிப்புக் குழுவில் சேரச் சொல்லி நண்பர்களைக் கூப்பிடும்போது கேட்கிற பதில் இது. நான் அவர்களுக்குத் தண்டியடிகள் நாயனாரைச் சொல்வேன்.

அறுபத்து மூவரில் அவர் பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் கோயிலின் மேற்குப் பக்கத்துக் குளத்தைச் சுற்றி இருந்தவர்கள் கரையை வளைத்துப் பிடித்துக்கொண்டதால் குளம் சுருங்கிப் போயிருந்தது. பார்வை இல்லாத ஒருவர் என்ன செய்ய முடியும்? குளத்துக்குள் ஒரு கம்பம், கரையில் ஒரு கம்பம் நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, கூடையில் சுமந்து மேலே கொண்டுவந்து கொட்டினார். "மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் சாகும்" என்று தடுத்தார்கள், கேலி செய்தார்கள், கடைசியில் மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு ஈசன் அருளால் அவருக்குப் பார்வை கிடைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. (அதில் வரும் சமயச் சண்டை அந்தக் காலத்தோடு போகட்டும்.) என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கயிறு. கண் கிடைத்த பிறகு அவர் வேலையை ஆரம்பிக்கவில்லை. கயிற்றை நம்பி, அளந்து அளந்து, இருட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் ஆற்றங்கரையில் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். விஷத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. தெளிந்த நீர் சுத்தமான நீரும் இல்லை. அதனால் அளக்கிறோம். நம் நாட்டில் ஆற்று நீரின் தரக் குறியீடு ஆறு அளவுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் கரைந்த ஆக்சிஜன், அமில காரத்தன்மை, அம்மோனியா மூன்றையும் சிறு சோதனைப் பெட்டி வைத்து மாணவர்களே அளக்கலாம். கல்லைப் புரட்டி அடியில் இருக்கும் பூச்சிகளையும் எண்ணுவோம். மே ஈயின் குஞ்சு இருந்தால் சந்தோஷம். வெறும் செம்புழுவாக இருந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் கணக்கால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரே இடத்தில், மாதாமாதம், பரீட்சை வந்தாலும் தீபாவளி வந்தாலும் அளந்தால்தான் திடீரென்று மாறும்போது பிடிக்க முடியும். சொல்லப்போனால் சலிப்பான வேலை. படம் எடுத்துப் போட அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

அட்டவணைக் கழிவுகளுக்கான 2005ஆம் ஆண்டு விதிமுறையின்படி ஓர் ஆலை அந்தக் கழிவை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 20 டன்னையும் தாண்டக் கூடாது. எங்கே உண்டானது, யார் ஏற்றினார், யார் பெற்றுக்கொண்டார் என்று தாள் கூடவே போகும். வினைக் கணக்கு மாதிரிதான்! அந்தத் தாளில் நாளைக்குக் கையெழுத்துப் போடப்போவது என்னைப் போன்ற ஒரு பொறியியலாளர். "அதெல்லாம் பாக்காத, சும்மா போடு" என்று முதலாளி சொல்கிற நாள் வரத்தான் செய்யும். அன்றைக்கு என் கை நிற்க வேண்டும் என்பதற்காகவே நான் இன்றைக்கு ஆற்றில் இறங்குகிறேன்.

ஆலைக்காரனை மட்டும் சொல்லிவிட்டு நம் பக்கத்தை விட்டுவிட முடியுமா? கும்பத்து நீரில் கங்கை முதல் காவிரி வரை ஏழு நதிகளை எழுந்தருளச் செய்கிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தக் கும்பத்தில் இருப்பது பெரும்பாலும் சுங்கை சிலாங்கூர் தண்ணீர். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் அந்த ஆற்று நீர் கெட்டு, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது வாளியோடு வரிசையில் நின்றது நாமும்தான். அப்படியிருக்க, கருமக்கிரியை முடிந்ததும் மாலை, துணி, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையோடு கட்டி ஆற்றில் விடுகிறோமே, அது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? ஐயரிடம் கேட்டுப் பாருங்கள். பையை அவிழ்த்து, பூவை மண்ணில் புதைக்கச் சொன்னால் எந்த ஐயரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் கோயிலில் உழவாரப் பணி நடக்கிறதல்லவா? அப்பர் சுவாமிகள் கையில் பிடித்த உழவாரத்தை, அடுத்த முறை மதில் சுவரோடு நிறுத்தாமல் பின்னால் ஓடும் சுங்கை வரைக்கும் கொண்டு போங்கள். ஐந்து பேர் போதும். காலுக்கு பூட்ஸ், கையுறை, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும்.