தோட்டத்து நலமும் தோட்டத்தார் சொல்லும்

1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி திரட்டிய தொண்டர் படை அதை முன்னின்று நடத்தியது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிச் சம்பாதித்த காசு கள்ளுக்கடைக்குப் போய்ச் சேர்வதையும், லயத்தில் பெண்டு பிள்ளைகள் அடிபட்டுக் கிடப்பதையும் பார்த்துப் பொறுக்காதவர்கள் அவர்கள். எந்தச் சுகாதாரத் துறையும் வந்து அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. தங்கள் உடம்பையும் குடும்பத்தையும் கெடுப்பது எதுவென்று தாங்களே கண்டார்கள், அதை மூடச் சொன்னார்கள். அன்றைய அரசு போலீசை அனுப்பியது. மோதல்களில் உயிர்ப்பலி நேர்ந்தது. பலர் சிறைக்குப் போனார்கள்.

இன்று அதே கெடாவில், மக்கள் தங்கள் உடல்நலத்துக்குத் தாங்களே முன்வர வேண்டும் என்று அதிகாரிகள் அழைக்கிறார்கள். அழைப்பில் தவறில்லை. சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்கு கொள்வது மக்களின் உரிமை என்று 1978இல் அல்மா ஆட்டா பிரகடனம் சொன்னது. மலேசிய சுகாதார அமைச்சு 2013இல் தொடங்கிய கோஸ்பென் திட்டத்தில், குடியிருப்புகளைச் சேர்ந்த தன்னார்வலர்களே அக்கம்பக்கத்தாரின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கிறார்கள். அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. இவ்வளவும் இருந்தும், 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் பெரியவர்களில் இனிப்புநீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு, இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு.

இந்த வேறுபாட்டுக்கு நாக்கைக் குறை சொல்வது எளிது. ரொட்டி சானாயும் பால் தேத்தண்ணியும் காரணமில்லை என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் எதையெல்லாம் இழந்தன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லயத்தின் பின்புறம் கீரையும் கத்தரியும் விளைந்தன, மாடு கட்ட இடமிருந்தது. சுங்கைப்பட்டாணியின் மலிவு விலை வீட்டில் அதற்கு இடமேது? தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வருகிற பெண்ணிடம் உடற்பயிற்சி பற்றிய கையேட்டைக் கொடுத்துவிட்டு, ஷிப்டைப் பற்றிப் பேசாமல் திரும்பினால், நோய்க்கான பொறுப்பு மட்டும் அவள் தலையில் ஏறுகிறது. ஷிப்டை மாற்றும் அதிகாரம் தொழிற்சாலையிலேயே தங்கிவிடுகிறது. இது நியாயமில்லை.

பராகுவாட் களைக்கொல்லியின் கதை இன்னும் வெளிப்படையானது. முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூக்கில் ரத்தம் வருவதும் நகம் கழன்று விழுவதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனகானித்தா அமைப்பு அவர்களிடம் போய்க் கேட்டது, கேட்டதை ஊரறியச் சொன்னது. 2002இல் அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத்தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான். தடுமாற்றம் அறியாமையால் வந்ததில்லை. தங்களுக்குத் தெரிந்ததை அந்தப் பெண்கள் சொன்ன பிறகும் கடந்த ஆண்டுகள் அவை.

ஆகவே ஒரு சமூகத்தைக் கூட்டிப் பேசுவது நேர்மையானதா என்பதை, அந்தக் கூட்டத்தில் எதைச் சொல்ல அனுமதி உண்டு என்பதை வைத்தே எடை போட வேண்டும். சர்க்கரையைக் குறைப்போம் என்று சொல்லலாம், சம்பளத்தை உயர்த்துங்கள் என்று சொல்லக் கூடாது என்றால், கூட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது தலையாட்ட ஆட்கள்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. தொண்டர் படை குடித்தவர்களைப் பிடித்துத் தண்டித்ததாகவும் பதிவுகள் உண்டு. நல்ல நோக்கத்தோடு எழுந்த சமூகமும் தன்னுள் மெலிந்தவன் மீது கை ஓங்கும். இன்று கம்பை யாரும் எடுப்பதில்லை, ஏச்சு போதும். காசநோய் வந்தவரும், குடியை விட முடியாதவரும், மனநலம் குன்றிய பிள்ளையின் தாயும் அந்த ஏச்சுக்குப் பயந்தே கிளினிக் வாசலை மிதிப்பதில்லை. கோயில் தலைவரையும் கட்சிக் கிளைத் தலைவரையும் அழைத்துப் பேசிவிட்டு ஊரைக் கேட்டாயிற்று என்று எழுதிக்கொள்ளும் அதிகாரி, இவர்களில் ஒருவரையும் கேட்டிருக்க மாட்டார். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் குடும்பத்தையும் கேட்டிருக்க மாட்டார். குடியுரிமையை நிறுவ முடியாத அந்தப் பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில் வெளிநாட்டார் கட்டணம். ஆவணமற்றவர்களைப் பதிவு செய்ய 2011இல் நடந்த மைடஃப்தார் இயக்கம் இத்தகைய குடும்பங்களைத் தேட வேண்டியிருந்ததற்குக் காரணம், அவர்கள் எந்தக் கூட்டத்திலும் தென்படாததே.

இப்போது கெடாவின் செம்பனைத் தோட்டங்களில் உழைப்பவர்களில் பலர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். நம் தாத்தா பாட்டி வாழ்ந்தது போன்ற தோட்டக் குடியிருப்பில் தங்கி, அதே தொட்டியைச் சுமக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் வெளிநாட்டார் கட்டணம் அவர்களுக்கும் உண்டு. தோட்டத்து ஆரோக்கியம் பற்றிய கூட்டம் கோயில் மண்டபத்தில், தமிழில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும்போது அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய கடமை, அந்தத் தோட்டங்களில் பிறந்து வெளியேறிய நமக்கே முதலில் உண்டு.