வானத்து அத்தாட்சிகளும் கைபேசிப் படங்களும்

எல்லாப் புகழும் வானங்களையும் பூமியையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

அன்பிற்குரிய சகோதரர்களே!

சில நாட்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கறுத்த வானத்தில் சிவந்த ரோஜாப்பூ விரிந்தது போன்ற படம். "ஹஜ்ரத், வானம் பிளந்து ரோஜா நிறமாகும்னு குர்ஆன்ல வர்றதுக்கு இதுதான் ஆதாரம்னு நீங்க பயான்ல சொன்னீங்க. ஆனா இது வேற ஏதோன்னு போட்டிருக்கே, எது உண்மை?" என்று கேட்டார்.

சகோதரர்களே, அவர் சொன்னது சரிதான். சில ஆண்டுகளுக்கு முன் இதே மிம்பரில் நின்று நான் அப்படிச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்தது, பார்க்கப் பிரமிப்பாக இருந்தது, விசாரிக்காமல் சொல்லிவிட்டேன். சபையில் செய்த தவறைச் சபையில்தான் திருத்த வேண்டும். அதற்காகவே இன்றைய உரை.

அந்தப் படம் பூனைக்கண் நெபுலா என்று அழைக்கப்படுவது. ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படம். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் இறுதிக் காலத்தில் உதிர்த்த வாயுக்கள் அடுக்கடுக்காக விரிந்து அப்படித் தெரிகின்றன. ஆனால் சூரத்துர் ரஹ்மானின் 37வது வசனம் எதைப் பற்றிப் பேசுகிறது? வானம் பிளக்கும் நாளைப் பற்றி, அதாவது கியாமத்தைப் பற்றி. இனி வரப்போகும் ஒரு நாளுக்கு இப்போதே எடுத்த புகைப்படம் எப்படி இருக்க முடியும்? இதைக் கேட்க விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. வசனத்தை நிதானமாக ஓதியிருந்தாலே போதும்.

இதைப் போன்ற இன்னொரு படமும் பல காலமாகச் சுற்றுகிறது. நிலவின் தரையில் நீண்ட பிளவு ஒன்று தெரியும். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் சந்திரன் பிளந்ததற்கு இதுவே அடையாளம் என்று கீழே எழுதியிருப்பார்கள். அது 1969இல் அப்பல்லோ 10 விண்கலம் எடுத்த படம். அந்தப் பள்ளத்தாக்கின் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நிலவின் சுற்றளவோ ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். தரையில் இரண்டு விரிசல்கள் உண்டாகி, நடுவிலிருந்த நிலம் கீழே இறங்கியதால் ஏற்பட்ட பள்ளம் அது. சந்திரன் பிளந்ததை நாம் நம்புகிறோம். அல்லாஹ் குர்ஆனில் அறிவித்ததாலும், ஸஹாபாக்கள் கண்டு சொன்ன ஸஹீஹான அறிவிப்புகள் இருப்பதாலும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை ஒரு பள்ளத்தின் மீது நிற்கவில்லை.

சிலர் கேட்பார்கள்: "நல்ல எண்ணத்தோடுதானே அனுப்புகிறோம்? இதைப் பார்த்து ஒருவருக்கு ஈமான் கூடினால் நல்லதுதானே?" இந்தக் கேள்விக்கு அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. இரண்டு வயதுகூட நிறையாத அருமை மகன் இப்ராஹீம் (ரலி) வஃபாத்தானார். நபியவர்களின் கண்களில் கண்ணீர். அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டார்கள், இப்ராஹீமின் மரணத்திற்காகத்தான் சூரியன் இருண்டது என்று. யோசித்துப் பாருங்கள். நபியவர்கள் அதை ஊக்குவிக்கக்கூட வேண்டாம், மௌனமாக இருந்திருந்தாலே போதும். தூதரின் வீட்டுத் துக்கத்தில் வானமே பங்கு கொண்டது என்ற பேச்சு அரபு நாடெங்கும் பரவியிருக்கும். பலரும் அதைக் கேட்டே இஸ்லாத்திற்கு வந்திருக்கவும் கூடும். ஆனால் அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. நீண்ட தொழுகை நடத்தினார்கள். பின்பு மக்களிடம், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் தெளிவாக அறிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது.

மகனை அடக்கம் செய்த நாளிலும் தமக்குச் சாதகமான ஒரு பொய்யை அவர்கள் ஏற்கவில்லை. அந்த நபியின் மார்க்கத்திற்கு நாம் பொய்யான சான்று தேடிக் கொடுக்கலாமா? அந்தத் தம்பியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஹஜ்ரத் சொன்ன ஒன்று தவறு என்று தெரிந்துவிட்டது. ஹஜ்ரத் சொன்ன மற்றதெல்லாம் எப்படியோ என்ற சந்தேகம் அவர் உள்ளத்தில் வந்தால், அதற்கு நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அப்படியானால் இந்தப் படங்களைப் பார்க்கவே கூடாதா? இல்லை, நன்றாகப் பாருங்கள்! உண்மையே போதுமான அளவு பிரமிப்பானது. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியாயின. அதில் ஒரு படம், கையை நீட்டி ஒரு மணல் துகளைப் பிடித்தால் அது வானத்தில் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, அந்த அளவு இடத்தின் படம். அதற்குள் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள். நடுவில் தெரியும் கூட்டத்தின் ஒளி நம்மை வந்தடைய 460 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

"அந்த நிறங்களும் பொய்தானே?" என்று அந்தத் தம்பி கேட்டார். பட்டு நெய்யும் மக்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. தறியில் ஏற்றும் அட்டையின் துளைகள் எந்த இழை உயர வேண்டும் என்று மட்டும் சொல்லும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நாம். புட்டாவின் வடிவம் அட்டையில் இருந்தபடியே வரும். வெப் தொலைநோக்கி பதிவு செய்வது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. அதில் நீண்ட அலைகளுக்குச் சிவப்பும் குறுகிய அலைகளுக்கு நீலமும் என்று முறையாக நிறம் கொடுக்கிறார்கள், அதை வெளிப்படையாகவும் சொல்லிவிடுகிறார்கள். சொல்லிவிட்டுச் செய்வதால் அது ஏமாற்று ஆகாது. ஒரு படத்தை எடுத்து, அது இல்லாத ஒன்றின் பெயரை அதற்குக் கீழே எழுதுவதுதான் ஏமாற்று.

நம் தமிழ்நாட்டிலேயே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து சென்றது. அப்போது அந்த விண்மீனின் ஒளி சற்றே மங்கி மீண்டதை அங்கே பதிவு செய்தார்கள். வேறு இடங்களிலும் அப்படியே பதிவானது. எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது. 1986இல் வாயேஜர் 2 அருகில் சென்று அவற்றைப் படமெடுத்து அனுப்பியது. ஒரு கணம் மங்கிய ஒளிக்கு இத்தனை விசாரணை! நமக்கு வரும் செய்தியை நாம் எத்தனை நொடி விசாரிக்கிறோம்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைத் தம் நூலில் ஒரு சிறு மேகம் போன்றது என்றே பதிவு செய்தார். கண்டதைக் கண்ட அளவுக்கே எழுதினார். அதனால்தான் இன்றும் அவருடைய சாட்சியம் மதிக்கப்படுகிறது.

நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்றும் அல்லாஹ் எச்சரிக்கிறான் (17:36). கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஸ்லிமில் காண்கிறோம். ஃபார்வர்டு செய்யும் விரலும் இந்த எச்சரிக்கைக்குள் அடங்கும்.

சகோதரர்களே, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கினார்கள். இரவின் கடைசிப் பகுதியில் நபி (ஸல்) அவர்கள் எழுந்து, வானத்தைப் பார்த்து, ஆலு இம்ரானின் இறுதி வசனங்களை ஓதினார்கள். பிறகு உளூச் செய்து தொழுதார்கள். வானத்தைப் பார்ப்பதன் ஒழுங்கு இதுதான். பார்த்தல், சிந்தித்தல், பிறகு ஸஜ்தா. நாமோ பார்க்கிறோம், அனுப்புகிறோம், மறக்கிறோம்.

நவம்பர், டிசம்பரில் மழை விட்ட, நிலவில்லாத ஓர் இரவில் இஷா முடித்துப் பிள்ளைகளைத் தென்னேரி ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். கண் இருளுக்குப் பழகியதும் வடக்கே உயரத்தில் மங்கலான ஒரு புகைத்திட்டு தெரியலாம். அஸ்ஸூஃபி கண்ட அதே மேகம். 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி. இவற்றை நீ வீணாகப் படைக்கவில்லை என்று ரப்பிடம் சொல்லுங்கள், பிள்ளைகளையும் சொல்ல வையுங்கள். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் அவர்களின் ஈமான் குறையாது.

யா அல்லாஹ்! உண்மையை உண்மையாகக் கண்டு அதைப் பின்பற்றும் பாக்கியத்தைத் தருவாயாக! அறியாமல் நான் சொன்னதை மன்னிப்பாயாக! உன் அத்தாட்சிகளைக் கண்டு பணியும் உள்ளத்தை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தருவாயாக! ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.