தொண்டையில் நின்ற சொல்

மீன்முள் தொண்டையில் சிக்கியவன் படும் பாட்டை யாவரும் அறிவர். வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்குவான், வாழைப்பழம் தின்பான், கண்ணீர் வர இருமுவான். முள் நீங்கியதும் அமைதி பெறுவான். ஆனால், முள் ஏதும் இல்லாமலே முள் இருப்பதுபோல் உறுத்தும் நிலை ஒன்றும் உண்டு. தொண்டையின் பின்புறத்தில் உருண்டை ஒன்று நிற்பதுபோல் தோன்றும். மருத்துவர் விளக்கொளியில் நோக்கினால் ஒன்றும் தென்படாது.

மேனாட்டு மருத்துவர் இதற்கு இட்ட பெயர் 'குளோபஸ்'. இலத்தீன் மொழியில் உருண்டை என்பது அதன் பொருள். 1707ஆம் ஆண்டிலேயே ஜான் பர்செல் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விவரித்து எழுதினார். இரைப்பையின் அமிலம் மேலேறுவதும், தொண்டைத் தசைகள் இறுகுவதும் இதற்குக் காரணமாகலாம். மனக்கவலையும் அடக்கிய அழுகையும் இதனை மிகுவிக்கும். உணவு இறங்கவே தடையோ வலியோ ஏற்படுமாயின் அது வேறு நோய்; காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். குளோபஸின் இயல்போ விந்தையானது. உண்ணும்போது அது மறைந்துவிடும். உண்டு முடித்துத் தனித்திருக்கையில், வெறும் உமிழ்நீரை விழுங்கும்போது மீண்டும் தோன்றும்.

மனச்சான்றின் உறுத்தலும் இத்தகையதே அன்றோ? பகலெல்லாம் வேலையில் மறைந்திருந்து, விளக்கணைத்துப் படுத்தபின் அது தொண்டையில் வந்து நிற்கிறது. 'தொண்டை அடைத்தது', 'நா எழவில்லை', 'சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தான்' என்றெல்லாம் தமிழர் வழங்கும் தொடர்கள் சொல்லப்படாத சொல்லுக்கும் தொண்டைக்கும் உள்ள உறவைக் காட்டுகின்றன. இங்கு எழும் அறக்கேள்வி ஒன்றே: தொண்டையில் நின்ற சொல்லை அடக்குவது அறமா, வெளியிடுவது அறமா?

அடக்குவதே அறம் என்பார்க்குச் சான்றாக நிற்பது திருநீலகண்டனின் வரலாறு. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த நஞ்சை இறைவன் உண்டான். அது உள்ளே சென்றால் அவனுள் அடங்கிய உலகம் அழியும். வெளியே உமிழ்ந்தால் புறத்தே உள்ள உலகம் அழியும். ஆகவே அது கண்டத்திலேயே நின்றது. பிறர்க்கு நஞ்சாகும் ஒன்றைத் தன் தொண்டையில் நிறுத்திக்கொள்வது அருளின் உச்சம் என்பது இதன் உட்பொருள். பினாங்கில் தைப்பூச நாளன்று தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் அன்பர் சிலர் நாவில் சிறுவேல் தரித்து மௌனம் காக்கின்றனர். அதுவும் விரும்பி ஏற்ற அடக்கமே. எனினும், நேர்த்திக்கடன் நிறைவேறியதும் அந்த வேல் களையப்படுகிறது. நா மீண்டும் பேசுகிறது. மௌனத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அச்சடங்கு சொல்லாமல் சொல்கிறது.

வள்ளுவரும் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, சொல்வன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நாவைக் காக்க வேண்டிய வேளை எது, அதனை ஆள வேண்டிய வேளை எது என்று பகுத்தறிவதே கடினம். அதனை விளக்கப் பினாங்கின் வரலாறே துணை செய்கிறது.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் நகரின்மீது குண்டு வீசின. தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்தவர்கள் திரளாக மாண்டனர். சில நாள்களில் ஆங்கிலேயர் இரவோடிரவாகத் தீவைவிட்டு வெளியேறினர். 'நாங்கள் போகிறோம், இனி உங்களைக் காக்க இயலாது' என்ற சொல்லை அவர்கள் தம்மை நம்பியிருந்த மக்களிடம் சொல்லவில்லை. அந்த மௌனம் தம்மைக் காத்துக்கொள்ள எழுந்த மௌனம். சொல்ல வேண்டியதைச் சொல்லும் பொறுப்பு, 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துவின்மேல் விழுந்தது. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை அவர் இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். நகரைக் காக்கும் படை எதுவும் இல்லை என்பது வானொலி வாயிலாக அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 19ஆம் நாள் சப்பானியர் தீவினுள் நுழைந்தனர். தோல்வியைத் தன் வாயால் சொல்வது எவர்க்கும் கசப்பே. ஆயினும், அக்கசப்பை விழுங்கியிருந்தால் குண்டுகள் மேலும் விழுந்திருக்கக் கூடும்.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் சிபில் கார்த்திகேசு. இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் ஒருவரின் துணைவியார். பேராக் மாநிலத்துப் பாப்பான் ஊரில் சப்பானியரை எதிர்த்த போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் செய்தவர். 1943இல் சப்பானியர் அவரைச் சிறைப்பிடித்து வதைத்தனர். அவருடைய இளமகளைத் தீயின்மேல் தொங்கவிட்டு அச்சுறுத்தியும் அவர் எவருடைய பெயரையும் வெளியிடவில்லை. அவர் தொண்டையில் நின்ற பெயர்கள் வெளிப்பட்டிருந்தால் பல உயிர்கள் போயிருக்கும். அம்மௌனமே நீலகண்ட மௌனம். போர் முடிந்தபின் அவர் மௌனம் காக்கவில்லை; தாம் கண்டதையும் பட்டதையும் எழுதி வைத்தார். வதையில் பட்ட காயத்தால் 1948இல் அவர் மறைந்தார். அவர் எழுதியவை 1954இல் நூலாக வெளிவந்தன. ஒரே நா, ஒரு வேளையில் அடங்கியது; மறுவேளையில் பேசியது. இரண்டும் அறமாயின, ஏனெனில் இரண்டும் பிறர்பொருட்டு நிகழ்ந்தன.

மூன்றாவது வகை மௌனம் ஒன்றும் உண்டு. 1943 அக்டோபரில் முடிவுற்ற சயாம்–பர்மா இரயில் பாதை நானூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. அதனை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவுக்கும் பசிக்கும் இரையானோர் போக, மீண்டு வந்தவர்களுள் பலர் வாய் திறவாமலே வாழ்ந்து மறைந்தனர். சொல்லக் கூடாது என்று அவர்கள் உறுதி பூண்டிருந்தனர் எனக் கருதுதல் தவறு. அமர்ந்து கேட்பார் அரியர் என்பதே பெரும் உண்மை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993இல்தான் வெளிவந்தது. அதற்குள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. கேட்கும் செவி இல்லாதபோது சொல் தொண்டையிலேயே முதுமை அடைந்துவிடுகிறது. அந்தக் குற்றம் பேசாதவரைச் சேராது, கேளாதவரையே சேரும்.

ஆகவே, தொண்டையில் ஒரு சொல் உறுத்தும்போது மனிதன் தன்னைத்தானே வினவ வேண்டுவது இதுதான்: 'இதனை யார் பொருட்டு அடக்குகிறேன்?' பிறர் உயிரும் மானமும் காக்க எனின், அது நஞ்சு, கண்டத்தில் நிற்கட்டும். தன் பதவியும் நலமும் காக்க எனின், அது முள், எடுத்தெறியப்பட வேண்டும். கேட்பாரின்மையால் நிற்கிறது எனின், செவிகொடுப்பது சுற்றத்தார் கடன்.

இக்கடன் ஆசிரியர்க்கு மிகுதியும் உண்டு. பாடம் முடிந்ததும் 'ஐயம் உண்டா?' என்று வினவி, மறுமொழிக்குக் காத்திராமல் பலகையைத் துடைத்துவிடுவது வகுப்பறைகளில் காணும் வழக்கம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் பாதி எழுந்து, எச்சிலை விழுங்கி, மீண்டும் அமர்கிறான். அவன் விழுங்கியது ஒரு கணக்கின் ஐயமாக இருக்கலாம். வீட்டில் நேரும் கொடுமையாகவும் இருக்கலாம். அவன் எழுந்து நிற்கும்வரை துடைப்பானைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஆசிரியரே, அந்த முள்ளை எடுப்பவர் ஆவார்.