விமுக்தபடனின் வீடு

முன்னாள் படைவீரரை மலையாளத்தில் ‘விமுக்தபடன்’ என்பார்கள். திருவனந்தபுரத்தில் அரசு அறிவிப்பிலும் நாளிதழிலும் வேலை விண்ணப்பத்திலும் வருவது இந்தச் சொல்தான். படன் என்றால் போர்வீரன், விமுக்தன் என்றால் விடுபட்டவன். தமிழில் நாம் சொல்லும் ‘முன்னாள்’ வெறும் காலக்கணக்கு. மலையாளச் சொல்லிலோ சமயத்தின் வாசனை இருக்கிறது. பந்தத்தில் கிடந்து முக்தி பெற்றதாக ஆன்மாவைப் பற்றிச் சொல்வதை அது சிப்பாயைப் பற்றிச் சொல்கிறது. அந்த முக்திக்குத் தமிழ் வைத்த பெயர் வீடு. ‘விடு’ என்ற வினையிலிருந்து பிறந்த அதே சொல், அலைச்சலை விட்டு உடம்பு இளைப்பாறும் கூரைக்கும் பெயராயிற்று. அப்படியானால் படையிலிருந்து விடுபட்டு, திரும்பிப் போக வீடில்லாமல் நிற்கிறவனை விமுக்தன் என்று அழைக்கலாமா? அழைக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் ஓர் இடத்தை உறுதி செய்வதை இரக்கம் என்றோ வீரத்துக்குப் பரிசு என்றோ சொல்வது தவறு. கட்டியவரே அவிழ்க்க வேண்டிய கட்டின் கடைசி முடிச்சு அது.

செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லைத் தமிழ் நெடுங்காலமாகப் பேணி வருகிறது. உண்ட சோற்றுக்கு உயிரைத் திருப்பிக் கொடுப்பது. கர்ணனும் கும்பகருணனும் நின்ற பக்கம் பிழையானது என்று தெரிந்தும் நாம் அவர்களுக்காக உருகுவது, இந்தக் கடனைத் தீர்த்தார்கள் என்பதற்காகத்தான். சோறு போட்டவனுக்கு அவர்களிடம் என்ன கடன் என்ற கேள்விப் பக்கம் நாம் அதிகம் போவதில்லை. இந்த விஷயத்தில் கல்வெட்டுகள் கதைகளைவிட நேர்மையானவை. போரிலோ ஆநிரை மீட்பிலோ விழுந்தவனின் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்தை அவை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் குறிக்கின்றன. உதிரம், நெய்த்தோர் இரண்டும் இரத்தத்தின் பெயர்கள். கல் நட்டு வணங்கினால் போதும் என்று அந்தக் காலத்தவர் நினைக்கவில்லை. கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்களுக்கு. அவன் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது காலூன்றி நிற்க ஓர் இடம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்வி இன்னும் இறுகுகிறது. 1750இல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையே பத்மநாப சுவாமிக்குத் தானமாக எழுதிவைத்தார். திருப்படித்தானம் என்பது அந்தச் சடங்கின் பெயர். அன்றிலிருந்து அங்கே அரசர் என்றால் பத்மநாபதாசர். நாடு கடவுளுடையது என்றால், அந்த நாட்டுக்காக வாளெடுத்தவனுக்குக் கடன்பட்டவர் யார்? அனந்தன்மேல் பள்ளிகொண்டவரிடம் போய் மனுக் கொடுக்க முடியாது. அரசரோ தாம் தாசன் மட்டுமே என்கிறார். வாளெடுத்தவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். தானத்துக்கு முன்பே, 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றது திருவிதாங்கூர்ப் படை. அதே நாட்டில் 1804இல் வேலுத்தம்பி தளவாய் படிகளைக் குறைக்க முனைந்தபோது நாயர் படையினர் கிளர்ந்தெழுந்தார்கள், கடுமையாக அடக்கப்பட்டார்கள். 1809இல் வேலுத்தம்பியின் சொந்தக் கிளர்ச்சி தோற்றதும் ஆங்கிலேயர் படையையே கலைத்துவிட்டார்கள். அரண்மனைக் காவலுக்கும் கோயில் விழாவுக்கும் சில நூறு பேர் மிஞ்சினார்கள். பின்னாளில் ஆறாட்டு ஊர்வலத்தோடு சங்குமுகம் கடற்கரைக்கு நடந்த நாயர் பிரிகேட் அந்த எச்சத்திலிருந்து வளர்ந்ததுதான். கலைக்கப்பட்ட மற்றவர்கள் எங்கே போய்ப் பிழைத்தார்கள் என்பது பாடநூல்களில் வருவதில்லை. தாசன் என்ற சொல்லை நான் வெறும் சாக்காகப் பார்க்கவில்லை. அது ஆழமான சமயச் சொல். ஆனால் தாசன் கைவிடுவது உரிமையைத்தான், பொறுப்பை அல்ல. ஆண்டவன் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அந்தச் சொத்தின்மேல் உள்ள கடனையும் சேர்த்தே பார்த்துக்கொள்ள வேண்டும். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் அந்தப் படை இந்திய ராணுவத்தில் சேர்ந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 9ஆம், 16ஆம் பட்டாலியன்கள் அதன் வாரிசுகள். படையை ஏற்றுக்கொண்டவர் கடனையும் ஏற்றுக்கொண்டார். இன்று அந்தத் தாசன் இருந்த இடத்தில் குடியரசு இருக்கிறது.

அந்தக் கடன் என்ன கடன் என்பதைத் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வாதம் வீரப் பேச்சாகிவிடும். பயிற்சி முடிந்ததும் இந்தியச் சிப்பாய் தன் மதத்தின் நூல் முன்னிலையில், தன் சமயக் குரு நிற்க, சத்தியம் செய்கிறான். கசம் பரேடு என்பார்கள். நிலம், கடல், வானம் எந்த வழியானாலும் அனுப்பும் இடத்துக்குப் போவேன், உயிருக்கு ஆபத்து வந்தாலும் போவேன் என்பது அதன் சாரம். கேட்கிறவர்கள் எல்லாரும் உயிர் என்ற இடத்தில் நின்றுவிடுகிறோம். எனக்கு ‘அனுப்பும் இடத்துக்கு’ என்பதே கனமாகப் படுகிறது. பெரும்பாலான சிப்பாய்களின் பணிக்காலத்தில் போர் வருவதில்லை. இடமாற்றம் தவறாமல் வருகிறது. 15, 17 ஆண்டுகளுக்கு அவன் எங்கே தூங்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் சில ஆண்டுகள் கிடைக்கும், சில ஆண்டுகள் கிடைக்காது. திருவனந்தபுரத்துப் பாங்கோடு ராணுவ முகாமில் சாவி வாங்கிய குடும்பம் அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளை எண்ணிக்கொண்டே பால் காய்ச்சும். பிள்ளைகள் மூன்று நான்கு பள்ளிக்கூடம் மாறுவார்கள். அதற்குள் ஊரில் பாகம் பிரித்திருப்பார்கள், மனை விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும், அவனுக்காக எடுத்து வைத்த அறையில் தம்பி குடும்பம் இருக்கும். 35, 40 வயதில் வெளியே வருகிறவனுக்கு அரசு உழைப்புக்குச் சம்பளத்தைத் தந்திருக்கிறது. வேர்விட வேண்டிய வயதில் வாங்கிக்கொண்ட இடத்துக்கு என்ன தந்தது?

இப்படிக் கடனாக இருப்பதை நாம் தானமாக மாற்றி வைத்திருக்கிறோம். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் சிறு கொடி குத்தி வசூலிக்கும் அந்த நிதியிலிருந்துதான், ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைக் கடந்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் வறுமை உதவித்தொகை போகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆயிற்று. உயர்த்தியது நல்லது. ஆனால் நாடு சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பியவனின் முதுமை உண்டியலைப் பார்த்து நிற்பது முறையா? வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்குத் தனியே ஓர் அதிகாரமும் வைத்தது காரணமில்லாமல் அல்ல. செய்ந்நன்றி அறிதலோடு இவை மூன்றும் இல்லறவியலில் இருக்கின்றன. இல் உள்ளவனின் அறங்கள் அவை. அந்த அறத்தின் பயனைப் பெற வேண்டியவன் இல் இல்லாமல் நிற்கக் கூடாது. விதவைகளின் நிலை இன்னும் மோசம். திருமணம் ராணுவத்தின் தனிநபர் பதிவான பார்ட் 2 ஆர்டரில் பதிவாகாமல் போயிருந்தால், கணவன் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்தப் பெண் தான் மனைவி என்று நிரூபிக்க அலைய வேண்டும். ஒரு தாள் விடுபட்டதால் வாடகை நிற்கிறது, வாடகை நின்றால் கூரை போகிறது.

எத்தனை பேர் இப்படி என்று கேட்டால் நம்மிடம் எண் இல்லை, காரணம் நாம் கேட்கவில்லை. 2011 கணக்கெடுப்பு நாட்டில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் என்றது. அவர்களில் யார் படையில் இருந்தவர் என்ற கேள்வி அதில் கிடையாது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரியில் ஓரிரவு தெருவிலும் விடுதியிலும் எண்ணும்போது அதையும் கேட்கிறார்கள். 2010இல் ஏறத்தாழ 74,000 ஆக இருந்த முன்னாள் வீரர் எண்ணிக்கை, வாடகை உதவியும் சிகிச்சையும் சேர்ந்த திட்டங்களால் 2024இல் 33,000க்குச் சற்றுக் கீழே வந்தது. பணக்கார நாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். எண்ணுவது என்ற அறச்செயலைக் கேரளமே செய்து காட்டியிருக்கிறது. 64,006 குடும்பங்களை மிக வறியவை என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்திட்டம் போட்டு, 2025 நவம்பர் 1 அன்று அதீத வறுமை நீங்கியதாக மாநிலம் அறிவித்தது. லைஃப் மிஷன் திட்டத்தில் 2016க்குப் பிறகு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பெயர் சொல்லி எண்ணப்பட்டவனுக்கு வீடு வருகிறது.

சொந்தச் சேமிப்பில் வீடு வாங்கியவர்களுக்கும் நிம்மதி உறுதியில்லை என்பதைக் கொச்சி வைற்றிலாவில் ராணுவ வீட்டுவசதி நிறுவனம் கட்டிய சந்தர் குஞ்ச் கோபுரங்கள் காட்டுகின்றன. 2018இல் குடியேறத் தயாரான கட்டடங்கள். சில ஆண்டுகளிலேயே பி, சி என்ற இரண்டு கோபுரங்கள் வாழத் தகுதியற்றவை என்று தெரிந்தது. அவற்றில் 208 வீடுகள். இடித்து மீண்டும் கட்டித்தர வேண்டும், அதுவரை குடும்பங்களுக்கு மாத வாடகை தர வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அந்த உத்தரவில் ஒரு தெளிவு இருக்கிறது. இடத்தைக் கெடுத்தவர் இடத்தைத் தர வேண்டும், தரும்வரை வேறோர் இடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். நீதிமன்றம் ஒரு கட்டடத்துக்குச் சொன்னதை நான் ஒரு வாழ்க்கைக்குச் சொல்கிறேன்.

மறுப்புகள் உண்டு, அவை அற்பமானவை அல்ல. சாக்கடையில் இறங்குகிறவனும் கடலுக்குப் போகிறவனும் உயிரைப் பணயம் வைக்கவில்லையா என்பது முதலாவது. வைக்கிறார்கள், அவர்களுக்கும் கூரை உரிமை. அது குடிமகன் என்ற நிலையிலிருந்து வருகிறது, யாரையும் வரிசையில் பின்தள்ளி நான் இங்கே இடம் கேட்கவில்லை. ஆனால் கடலோடி பிடிக்காத வேலையை விட்டுவிட்டுக் கரையேறலாம், சங்கம் சேரலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். சிப்பாய்க்கு இவற்றைச் சட்டம் மறுக்கிறது, அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கட்டு தனி என்பதால் அவிழ்ப்பதும் தனி. இரண்டாவது மறுப்பு வினைப்பயன்: குடித்தான், குடும்பத்தோடு சண்டையிட்டான், தெருவுக்கு வந்தான். சலுகை விலையில் கான்டீன் ரம்மை மாதாமாதம் கொடுத்தது யார் என்று கேட்கலாம். என் வாதம் அதைக்கூடச் சார்ந்திருக்கவில்லை. கடன் கொடுத்தவன் நல்லவனா என்று விசாரித்துவிட்டா நாம் கடனைத் திருப்புகிறோம்?

மூன்றாவது, நம் சமயங்களே எழுப்புவது. வீடற்றிருப்பதைத்தானே நாம் உயர்நிலை என்கிறோம்? சிவன் பிட்சாடனராய்த் திரிந்தார். திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு வீட்டை விட்டு அலைந்து மருத்துவாமலையில் தவம் இருந்தார். ஆனால் துறவுக்கு முதல் நிபந்தனை, துறக்க ஒன்று இருப்பது. விட்டவனும் விடப்பட்டவனும் ஒரே திண்ணையில் படுத்திருந்தாலும் ஒருவரல்ல. விடப்பட்டவனிடம் துறவின் மேன்மையைச் சொல்வது அவனை இரண்டாவது முறை வெளியேற்றுவது. நான்காவது, அகிம்சையின் மறுப்பு: படைவீரனுக்கு வீடு என்றால் போருக்கு மாலை போடுவதாகாதா? எதிர்மாறாக நினைக்கிறேன். கடைசி வீடு வரை தன் கணக்கில் வரும் என்று அறிந்த ஆட்சி படையை ஏவும்முன் தயங்கும். தோற்ற பக்கத்துக்கும் இதையே சொல்ல வேண்டும். இலங்கையில் போர் முடிந்த 2009க்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்தார்கள். வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை அனுப்பிய அமைப்பே இன்று இல்லை. கடன்பட்டவர் அழிந்தால் கடன் காற்றில் போகாது, அந்த மண்ணை இப்போது ஆள்பவரிடம் போய்ச் சேரும்.

இந்தியாவில் கணக்கு வேறு திசையில் நகர்கிறது. 2022இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் படைச் சேவை நான்கு ஆண்டு. நூற்றுக்கு 25 பேர்வரை நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு திரும்புவார்கள், ஓய்வூதியம் இல்லை. முதல் அணியின் நான்காண்டுகள் 2026 இறுதியில் முடியத் தொடங்குகின்றன. இளைஞர்கள், ஊருக்குத் திரும்பி வேரூன்ற வயது இருக்கிறது என்று சொல்லப்படுகிறது, அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அதே நூலின் முன் அதே சத்தியத்தைச் செய்த அவர்களுக்கு, விதிகளின்படி, முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. திருவனந்தபுரத்துப் படிவங்களில் விமுக்தபடன் என்ற கட்டத்தை அவர்களால் நிரப்ப முடியாது.