மந்தம் என்று எழுதுவதா?

சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று ஊர் சொல்லிச் சொல்லி நம் காது புளித்துவிட்டது. அந்தச் சொல்லை மறுத்து மறுத்தே வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளை ஒருத்திக்கு உண்மையிலேயே அறிவு வளர்ச்சியில் தடங்கல் இருந்தால் அதை எந்த வாயால் சொல்வது? உளவியல் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறிச் சிறுமலைக்குப் போய்வரும் எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

அளவுகோலின் பிறப்பைப் பார்ப்போம். 1905-ல் பாரிஸில் ஆல்பிரட் பினே இதைச் செய்தது, எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று அறியத்தான். அறிவு பிறவியிலேயே முடிந்துபோன சரக்கு என்பதை அவர் ஏற்கவில்லை. அமெரிக்கா போனதும் அது வேறு வேலை பார்த்தது. வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் இருந்த காடர்ட், 1912-ல் காலிகாக் என்று பேர் வைத்து ஒரு குடும்பத்தின் கதையை எழுதி, மந்தம் பரம்பரையில் வருவது என்றார். (நமக்கு இது புதுசா? மனு பரீட்சை வைக்காமலே சொல்லிட்டாரு.) அந்த ஆராய்ச்சி பின்னால் செல்லாக்காசானது. அதே வைன்லேண்டில் 1935-ல் டால் சமூக முதிர்ச்சி அளவுகோலை உண்டாக்கினார். நாக்பூரில் மாலின் இந்தியாவுக்கு மாற்றிய அதன் வடிவம்தான் என் பையில் இருக்கிறது. 1979-ல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றம், நுண்ணறிவுச் சோதனையைக் காட்டிக் கறுப்பினப் பிள்ளைகளை மந்த வகுப்புக்குத் தள்ளக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

சோதனையே சூழ்ச்சி, தூக்கிப் போடு என்கிறார்கள் சில தோழர்கள். பாதிதான் நியாயம்.

மலையில் காப்பி, மிளகு பறிக்கப் போகும் ஒரு தாயின் மகள். ஏழு வயது. மூணு வயதுக்கு மேல்தான் நடந்தாள். இன்னும் ரெண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில், "இவுக பிள்ளைக இப்பிடித்தான்" என்று கடைசியில் உட்கார வைத்தார்கள். காது கேட்கிறதா, தைராய்டு சரியா என்று ஒரு நாதி பார்க்கவில்லை. தைராய்டு குறையைப் பிறந்த சில வாரத்தில் கண்டு மருந்து கொடுத்தால் மூளை தப்பும். ஏழு வயதில் கண்டால் போனதில் பெரும்பகுதி திரும்பாது. ஊர்த்தெருப் பிள்ளையாக இருந்தால் அன்றைக்கே மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். தெருவையே மக்கு என்று சொல்லிவிட்டால், அந்தத் தெருவில் உதவி வேண்டிய ஒரு பிள்ளை கண்ணுக்கே தெரியாமல் போகிறாள். சாதி செய்யும் இந்த இன்னொரு கொடுமையை நாமும் அதிகம் பேசியதில்லை.

அடுத்தது சான்றிதழ். 40 சதவீதக் குறைபாடு என்று இருந்தால்தான் மாதம் 2000 ரூபாய் உதவித்தொகை. அப்பத்தா கேட்டாள்: "ஏந் தாயி, ஊருக்காரன் வாயால சொன்னத நீ காயிதத்துல எழுதிக் குடுக்குறியாக்கும்?"

"அவன் சாதியச் சொன்னான் அப்பத்தா. நான் இவளுக்கு என்ன வேணும்னு சொல்றேன்."

சொல்லிவிட்டேன். ஆனால் படிவத்தில் எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது. அந்த வீட்டில் 2000 ரூபாயை வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன உரிமை? எண்ணை எழுதினேன். கீழே ஓரத்தில், நெருக்கி நெருக்கி, ஆட்டுக்குட்டிகளைத் தனியாகப் பட்டியில் அடைக்கிறாள், தங்கச்சிக்குச் சோறு ஊட்டுகிறாள், காதும் தைராய்டும் உடனே பார்க்கவேண்டும், பேச்சுப் பயிற்சி வேண்டும் என்றும் எழுதினேன்.

2013-ல் வந்த திட்டப்படி, இதற்கெல்லாம் மாவட்டத்தில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு. மலை இறங்கிப் போனால் தாய்க்கு ஒருநாள் கூலி போச்சு. பேச்சுப் பயிற்சி என்றால் வாராவாரம் இறங்கணும். அந்தக் கூலிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.