மாதர் சங்கமும் பிறர்பொருட்டுப் பேசுந் தருமமும்

உலகத்திலே மக்கள் கூடி வாழ்தல் இயல்பு. கூடி வாழ்வார்க்குக் கூடிச் செய்யவேண்டிய கருமங்களும் உளவாம். நம் முன்னோர் காலத்துப் பெண்டிர் கிணற்றடியிலும், திருக்கோயில் வீதியிலும், நெற்குத்தும் முற்றத்திலும், மணவீட்டிலும், பிணவீட்டிலும் கூடினர். ஒருவர் துயரை ஒருவர் கேட்டனர். பிள்ளைப்பேற்றுக்கு மருந்தும், பஞ்சகாலத்துக்கு அரிசியும், கலக்கத்துக்கு ஆறுதலும் கொடுத்து வாங்கினர். இக்காலத்து மாதர் சங்கங்கள் அக்கூட்டத்துக்குப் பெயரும் விதியும் கணக்கும் கொடுத்தனவேயன்றி, முன் இல்லாத தொன்றைப் புதிதாகப் படைத்தன அல்ல.

இச்சங்கங்கள் தமக்கு நோக்கமாகக் கூறுவன நான்கு. கல்வி வளர்த்தல், நட்புப் பேணல், முன்னோர் மரபு காத்தல், குறையுடையார்பொருட்டு அரசினரிடத்தும் ஊரவரிடத்தும் எடுத்துப் பேசுதல் என்பன அவை. முதல் மூன்றனையும் மறுப்பார் அரியர். நான்காவதன்கண்ணே ஐயம் பிறக்கின்றது. ஒருத்தி தன் குறையைத் தான் கூறுதல் முறையே. பிறளொருத்தியின் குறையை இவள் எடுத்துக் கூறுதற்கு உரிமை எங்கிருந்து வந்தது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆராயுமுன், இத்தகைய சங்கங்கள் தோன்றியவாற்றை நோக்குதல் நலம். கனடா தேசத்து ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலெயிட் ஹூட்லெஸ் என்னும் மாது ஒருவர் இருந்தார். அவருடைய சிறு மகவு 1889ஆம் ஆண்டில் இறந்தது. தூய்மை கெட்ட பாலை ஊட்டியதே அதற்குக் காரணமென்று கருதப்பட்டது. அத்தாய் தம் துயரோடு அமைந்திராது, மனைக்குரிய அறிவைப் பெண்கள் யாவரும் பெறல்வேண்டுமென்று ஊர்தோறும் பேசலாயினார். எர்லண்ட் லீ என்னும் கமக்காரர் துணைநிற்ப, 1897ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஸ்ரோனி கிறீக் என்னும் ஊரிலே 101 பெண்கள் கூடி முதலாவது மாதர் சங்கத்தைத் தொடங்கினர். 1915ஆம் ஆண்டில் அது கடல் கடந்து வேல்ஸ் நாட்டை அடைந்தது.

அக்கனடாவிலே பிறந்து வைத்தியம் கற்று, 1896ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்தவர் மேரி இரட்ணம் அம்மையார். 1909ஆம் ஆண்டில் கொழும்பிலே தமிழ் மாதர் சங்கம் தோன்றுதற்கும், 1930ஆம் ஆண்டில் கிராமப் பெண்களுக்கென லங்கா மகிளா சமிதி தோன்றுதற்கும் அவரே முன்னின்றார். பின்னையது கனடாச் சங்கங்களின் மாதிரியைத் தழுவியது. இத்தொண்டுகளை மதித்து 1958ஆம் ஆண்டில் மக்சேசே பரிசு அவர்க்கு அளிக்கப்பட்டது. நம் சைவப் பெண்மக்களும் வாளாவிருந்தாரல்லர். கொழும்பிலே சைவ மங்கையர் கழகத்தை அமைத்து, வெள்ளவத்தையிலே பெண்பிள்ளைகட்கு ஒரு வித்தியாலயத்தையும் நிறுவினர்.

இனித் தடைகளை நோக்குவாம்.

மனையறமே பெண்ணறம், சங்கத்துக்குச் செல்பவள் மனையை மறப்பாள் என்பர் சிலர். மனையைக் காத்தல் கடன் என்பதில் எமக்கும் உடன்பாடே. ஆயின் மனை என்பது வாயிற்படியோடு முடிகின்றதோ? பிள்ளை உண்ணும் பால் வெளியிலிருந்து வருகின்றது. குடிக்கும் நீர் பொதுக்கிணற்றிலிருந்து வருகின்றது. நோயும் வெளியிலிருந்தே வருகின்றது. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்க, அவற்றிலே நுளம்பு பெருகி, மலேரியாச் சுரம் இலங்கையிற் பரந்தது. 1935ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 80,000 உயிர் அதனால் மாண்டன. தன் வீட்டை எத்துணைத் தூய்மையாக வைத்திருந்த தாயும், ஆற்றங்கரைக் குட்டையைத் தனியளாய் நின்று என் செய்வாள்? மனையைக் காக்கும் கடனே அவளை வெளியே அழைக்கின்றது. ஆகவே அவள் சங்கத்துக்குச் செல்லுதல் மனையறத்தின் நீட்சியேயன்றி அதற்கு மாறன்று.

அற்றேல், கற்பித்தல் போதும். பேசும் உரிமை வேண்டா என்பார் வேறு சிலர். இக்கொள்கையினர் எளியரல்லர். சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்திலே சைவப் பெண்பிள்ளைகட்குக் கல்லூரி நிறுவிய பேருபகாரி. அவர் செய்த நன்றியைத் தமிழுலகம் மறத்தற்பாலதன்று. ஆயினும் பெண்கட்கு வாக்குரிமை நல்குதலை அவர் விரும்பிலர். பெரியோர் ஒருவர் செய்த நன்மையைப் போற்றுதலும், அவர் கொண்ட கொள்கை ஒன்றை மறுத்தலும் தம்முள் முரண்படா. கல்வியின் பயன் நன்று தீது பகுத்தறிதல். பகுத்தறிந்தவள் தான் அறிந்ததைச் சொல்லலாகாதெனின், கண்ணைத் திறந்துவிட்டு வாயைக் கட்டியவாறாகும். தீமையைக் கண்டும் சொல்லாதிருத்தல் அடக்கம் எனப்படாது. பிறர் நோவ வாளாவிருத்தலேயாம்.

மூன்றாவது தடையே வலியுடையது. அஃதாவது, செல்வமும் கல்வியும் உடைய சிலர் ஓரிடத்தே கூடி, தாம் ஒருநாளும் கண்டிராத ஏழைப் பெண்களின்பொருட்டுப் பேசுதல் அகந்தையன்றோ என்பது. இதனை எளிதில் தள்ளுதல் கூடாது. இலங்கைச் சரித்திரத்திலிருந்து ஒன்றை எடுத்து ஆராய்வாம்.

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழுவினர் இலங்கைக்கு வந்தனர். அக்காலத்தே ஆடவருள்ளும் கல்வியும் சொத்தும் வருவாயும் உடைய சிலரே வாக்குரிமை பெற்றிருந்தனர். அவர் தொகை சனத்தொகையில் நூற்றுக்கு நாலளவே. பெண்களுள் ஒருவர்க்கேனும் அவ்வுரிமை இல்லை. மாதர் வாக்குரிமைச் சங்கம் அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டு, அதன் சார்பாகச் சில பெண்கள் ஆணைக்குழுவின்முன் சென்றனர். தோட்டங்களிலே வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என்று டொனமூர்ப் பிரபு வினாவினார். அவர்களும் பெண்களே, ஆதலின் வேண்டும் என்னுங் கருத்துப்பட விடையிறுத்தார் அக்னஸ் டி சில்வா அம்மையார். ஆணைக்குழுவினர் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபார்சு செய்தனர். முடிவில் 1931ஆம் ஆண்டில் இருபத்தொரு வயதடைந்த ஆடவர் பெண்டிர் இருபாலார்க்கும் அது வழங்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரும், வதிவிடங் குறித்த கட்டுப்பாடுகளோடு, அதனைப் பெற்றனர்.

அவ்விடை அகந்தையாகுமா? ஆகாது. வாயில் திறந்தபொழுது தாம் மட்டும் நுழைந்து பின்வருவார்முன் கதவைச் சாத்தாமையே அறம். கேட்கப்பட்ட அக்கணத்தில், எங்களைப் போல்வார்க்கு மட்டும் போதும் என்று சொல்லியிருப்பின், அச்சங்கம் தன்னலக் கூட்டமாகவே முடிந்திருக்கும். அவையில் இல்லாதவளை அவையில் உள்ளவள் நினைத்தாளாயின், அது குற்றமன்று, கடனாம்.

ஆயினும் கதை அங்கே முடிந்திலது. 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தினாலும், 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும், அத்தோட்டத் தமிழருட் பெரும்பாலார் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பல்லாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் குறையை முடித்தற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியதாயிற்று. ஆண்டுகள் ஐம்பதுக்கு மேலாகக் கொழுந்து பறித்த கைகள் ஓரடையாளம் இடுதற்கும் உரிமையின்றி இருந்தன. இதனால் நாம் அறியக்கிடப்பது யாது? ஒருத்தியின்பொருட்டு மற்றொருத்தி நல்ல சொல் சொல்லுதல் தொடக்கமேயன்றி நிறைவன்று. பேசப்படுபவளும் பேசுவோர் நடுவே இருத்தல்வேண்டும். இல்லையாயின், அவளைக் கேளாமற் கொடுக்கப்பட்டது அவளைக் கேளாமலே பறிக்கப்படுதற்கு ஏதுவாகும்.

இதற்கு மறுதலையான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. மீனாட்சியம்மை நடேசய்யர் 1930களில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கே சென்று, தொழிலாளர் அறிந்த மெட்டுக்களிலே அவர்தம் துயரைப் பாடினார். அவர் பாடியவை அத்தொழிலாளர் வாயிலும் பயின்றன. பிறரைப் பற்றிப் பேசுதலுக்கும், பிறரோடு சேர்ந்து பேசுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே, பிறர்பொருட்டுப் பேசும் உரிமை எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவுக்கு விடை, சங்கத்தார் கூறும் நான்கு நோக்கங்களுள் இரண்டாவதிலேயே கிடைக்கின்றது. அந்த உரிமை நட்பிலிருந்து வருகின்றது. நண்பர்க்காகப் பேசுபவரை யாரும் அகந்தையுடையாரென்று இகழார். ஏனெனில் அவர் கேட்டறிந்ததைப் பேசுகின்றார். தவறிச் சொல்லின் நண்பரே திருத்துவர். கேளாமற் பேசுபவரைத் திருத்துவார் இல்லை. கல்வி கேட்டதை ஆராயும் ஆற்றலைத் தருகின்றது. மரபு இருவர்க்கும் பொதுவான சொல்லைத் தருகின்றது. நட்பு உரிமையைத் தருகின்றது. எடுத்துப் பேசுதல் இம்மூன்றின் பயனாய் விளைகின்றது. நான்கும் தனித்தனி நோக்கங்கள் போலத் தோன்றினும், ஒன்றையொன்று விட்டு நில்லா.

நட்பிலும் ஒரு குற்றம் உண்டு. அது தன்னையொத்தாரையே நாடும். ஒரு தெருவார், ஒரு பாடசாலையிற் பயின்றார், ஒரு குலத்தார் தம்முள்ளே அமைந்து, அதனையே உலகமென்று எண்ணுதல் எளிது. ஆதலின் ஒவ்வொரு சங்கத்தாரும் தம் கதவைத் தாமே சோதித்தல் வேண்டும். கூட்டம் நடக்கும் வேளை கூலிவேலை முடிந்து வருபவளுக்கு இசைந்ததா? சந்தாத்தொகை அவளால் இறுக்கத்தக்கதா? அறிக்கையும் பேச்சும் அவள் அறிந்த மொழியில் உள்ளனவா? வந்தவள் பாயில் இருக்கப் பழையோர் கதிரையில் இருக்கின்றனரா? இவை சிறிய காரியங்கள் போலத் தோன்றும். ஆயின் ஒருத்தி உள்ளே வருதலும் வாயிலோடு திரும்புதலும் இவற்றாலேயே ஆகின்றன. ஏழைகட்குக் கொடை வழங்கும் சங்கங்கள் பலவாக, ஏழைகளை உறுப்பினராகக் கொள்ளும் சங்கங்கள் சிலவாயிருத்தல் சிந்திக்கற்பாலது.

சகோதரிகளே, கொடுத்தலினும் கேட்டல் அரிது. பழைய சேலையும் பாடப்புத்தகமும் கொடுத்து மனம் ஆறிவிடுதல் எளிது. எதிரே இருப்பவள், நீங்கள் செய்தது எமக்கு உதவவில்லை என்று சொல்லுங்கால் பொறுத்துக் கேட்டல் எளிதன்று. அதனைக் கேட்டு, தன் வழியைத் திருத்தி, அடுத்த முறை அரசினர்முன் செல்லும்போது அவளையும் உடனழைத்துச் சென்று, பேச்சை அவள் தொடங்கத் தான் துணைநிற்கும் சங்கமே மாதர் சங்கம் என்னும் பெயர்க்கு உரியது. அத்தகைய சங்கங்கள் நம் ஊர்தோறும் ஓங்குக.